ஓடைக்கும் ஒரு ஹரீம் உண்டு



ஐப்பசி மழை இறங்கியதும் நம் மாவட்டத்தில் ஒரு கோரிக்கை தலைதூக்கும். கார்த்திகை முடிந்ததும் அடங்கிவிடும். "ஓடைக்கு இருபுறமும் கான்கிரீட் சுவர் கட்டித் தாருங்கள்" என்பதே அது. அந்த மனுவில் எல்லாக் கட்சியினரும் கையெழுத்திடுவர். வணிகர் சங்கத்தார் இடுவர், குடியிருப்போர் நலச் சங்கத்தார் இடுவர், நம் ஜமாஅத் நிர்வாகிகளும் இடுவர். சுவர் கட்டினால் எவர் வீடும் போகாது, எவர் கடையும் போகாது, எவர் மனமும் நோகாது. ஒப்பந்ததாரருக்கு வேலை கிடைக்கும். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டும் கிடைக்கும். இத்தனை பேருக்கும் ஒருசேரப் பிடித்துப்போன ஒரு தீர்வு, தண்ணீருக்கும் பிடிக்குமா என்று எவரும் கேட்பதில்லை. நாம் கேட்க விரும்புகிறோம்.

தாராபுரத்தில் இருந்துகொண்டு நாம் இதைப் பேசக் காரணம் உண்டு. இங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பூரின் பனியன் கம்பெனிகளை நம்பித்தான் நம் இல்லங்கள் பலவற்றில் உலை கொதிக்கிறது. காலைப் பேருந்தில் சென்று இரவில் திரும்பும் பிள்ளைகள் ஒருபுறம். அங்கேயே லைன் வீடுகளில் வாடகைக்குக் குடியேறிவிட்ட குடும்பங்கள் மறுபுறம். குறைந்த வாடகைக்கு வீடு எங்கே கிடைக்கும்? ஓடைக் கரையில்தான் கிடைக்கும்.

திருப்பூரின் நடுவே நொய்யல் ஓடுகிறது. ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம் போன்ற ஓடைகள் நகரத்தின் தெருக்களைக் கடந்து அதில் கலக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் இவற்றில் ஓடுவது சாக்கடைதான். ஆகவே அவற்றை ஓடை என்று நினைக்கும் பழக்கமே நமக்கு விட்டுப்போயிற்று. 2011 நவம்பரில் ஓர் இரவில் கொட்டிய மழை அதை நினைவூட்டியது. ஓடைகள் பெருக்கெடுத்தன, கரையோர வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உறங்கிக்கொண்டிருந்தவர்களில் பலர் விடியலைக் காணவில்லை. அதே ஆண்டு ஜனவரியில்தான் சென்னை உயர்நீதிமன்றம், நொய்யலில் கழிவைக் கலந்த சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டிருந்தது. ஆற்றுக்குள் நாம் எதைக் கொட்டினோம் என்ற கேள்வியில் தொடங்கிய ஆண்டு, ஆற்றிடமிருந்து எதைப் பறித்தோம் என்ற கேள்வியில் முடிந்தது. முதல் கேள்விக்கு நீதிமன்றம் உண்டு, விவசாயிகள் சங்கம் உண்டு, சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. இரண்டாம் கேள்விக்கு இன்றுவரை கிடைத்த விடை சுவர் ஒன்றே.

சுவர் என்ன செய்யும் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 கோடி லிட்டர் தண்ணீர் விழுகிறது. அந்நிலம் காடாகவும் மேய்ச்சலாகவும் இருந்த காலத்தில் அதில் கணிசமான பங்கை மண் குடித்தது. மிச்சம் மெல்ல மெல்ல ஓடைக்கு வந்தது. இன்று அது தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் தார்ச்சாலையும். விழுந்தது பெரும்பாலும் அப்படியே, அதுவும் ஒரே வேளையில் ஓடைக்கு வருகிறது. வருவது பெருகியிருக்க, வழியோ சுருங்கியிருக்கிறது. நாற்பதடி அகலம் இருபதடியானால் தண்ணீர் ஒன்று உயர வேண்டும், இல்லையேல் விரைய வேண்டும். பெரும்பாலும் இரண்டையும் செய்யும். அந்தச் சுருங்கிய இருபதடியின் ஓரத்தில் சுவர் எழுப்புவதற்குப் பெயர் வெள்ளத் தடுப்பு அன்று. பறித்த இருபதடிக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பது.

இன்னொரு வகையிலும் அது கேடு செய்யும். வழவழப்பான கான்கிரீட் கால்வாயில் தண்ணீர் வேகமெடுத்துக் கீழேயுள்ள தெருவுக்கு முன்னிலும் விரைவாகப் போய்ச் சேரும். சுவர் முடியும் இடத்தில் குடியிருப்பவன் கதி என்ன? ஒரு கரையில் மட்டும் சுவர் எழுந்தால் எதிர்க்கரையின் கதி என்ன? தனக்கும் தீங்கில்லை, பிறருக்கும் தீங்கிழைத்தலில்லை என்பது நம் மார்க்கச் சட்டத்தின் தாய் விதிகளுள் ஒன்று. மதரஸாவின் தொடக்க வகுப்பு மாணவனும் அறிவான். மேலும், சுவருக்கு அப்பால் தெருவில் பெய்த மழை ஓடைக்குள் இறங்க வழியின்றிச் சுவருக்குப் பின்னாலேயே தேங்கும். ஓடை ஒருபுறம், குளம் ஒருபுறம், நடுவே புதுச்சுவர்.

கரை அரித்துப் பள்ளிக்கூடத்தின் அடித்தளமே வெளித்தெரியும் இடத்தில் சுவர் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அத்தகைய இடங்கள் உண்டு; அங்கே கட்டத்தான் வேண்டும். ஆனால் அகலத்தை அளக்காமல் கட்டும் சுவர் வேறு.

ஓடையின் மேல் தளம் போட்டு மூடிச் சாலையாக்கிவிடலாம் என்போரும் உள்ளனர். இது சுவரை விடவும் மோசம். மூடிய ஓடையில் தூர் வாருவது எப்படி? பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துணிக் கழிவும் பிளாஸ்டிக் பையும் ஒரு சிறுபாலத்தின் வாயை எப்படி அடைக்கும் என்பதைத் திருப்பூரில் வசிப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. (பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் கிளை என்று பயான் கேட்டுவிட்டு, வேஸ்ட் மூட்டையை இரவோடு இரவாக ஓடையில் தள்ளுகிறவர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.) ஆண்டுதோறும் தூர் வாருவது அவசியம், அதுவே போதாது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். கிணற்றுக்கும் ஆற்றுக்கும் 'ஹரீம்' என்ற ஒன்றை நம் ஃபுகஹாக்கள் வகுத்துள்ளார்கள். தண்ணீர் ஓடும் இடம் மட்டும் ஆறு அன்று. அது பெருகும்போது பரவவும், வாரிய மண்ணைப் போடவும், மக்கள் நடந்து சென்று பயன்கொள்ளவும் தேவையான ஓரமும் ஆற்றைச் சேர்ந்ததே. அதை எவரும் உடைமையாக்கிக்கொள்ள முடியாது. நம் காலத்துப் பொறியாளர்கள் வெள்ளச் சமவெளி என்று சொல்வதை நம் முன்னோர் உரிமை என்ற சொல்லால் சொன்னார்கள்.

இது ஏதோ மூலையில் கிடக்கும் கருத்து என்று எண்ண வேண்டாம். ஹிஜ்ரி 911இல் மறைந்த இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் இதற்கென்றே ஒரு சிறுநூல் எழுதினார்கள். 'அல்ஜஹ்ர் பி மன்இல் புரூஸ் அலா ஷாதிஇன் நஹ்ர்' என்பது அதன் பெயர். ஆற்றங்கரையில் கட்டடத்தை நீட்டுவதற்குத் தடை என்பதை உரக்க அறிவித்தல் என்று பொருள் கொள்ளலாம். கெய்ரோவில் நைல் நதியின் கரையில் கட்டடத்தை முன்னே நீட்டியதை ஒட்டியே அதை எழுதினார்கள். எழுதியவர் தஃப்ஸீர் ஜலாலைனின் ஆசிரியர்களுள் ஒருவர். நாம் அன்றாடம் பாடம் நடத்தும் கிதாபுக்கு உரியவர். பின்வந்த ஷாஃபிஈ மத்ஹபின் பெருநூல்கள் இன்னும் ஒரு படி சென்றன. ஆற்றின் ஹரீமில் கட்டப்பட்டது பள்ளிவாசலாகவே இருந்தாலும் அது இடிக்கப்பட வேண்டும் என்று எழுதின. இதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் ஒருமித்தவர்கள் என்றும் குறித்தன. பள்ளிவாசலுக்கே இதுவென்றால் குடோனுக்கு என்ன, கல்யாண மண்டபத்துக்கு என்ன, வாடகைக்கு விட்ட லைன் வீட்டுக்கு என்ன?

இந்த இடத்தில் நம்மவர் சிலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "ஹஸரத், ஆக்கிரமிப்பு என்ற பேச்சை நாமே எடுத்தால் புல்டோசர் முதலில் நம் முஹல்லாவுக்குத்தானே வரும்? வட நாட்டில் நடப்பதைப் பார்க்கவில்லையா?" என்பார்கள். பார்க்கிறோம். அச்சம் பொய்யானது அன்று. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து வாய்மூடி இருப்பது என்பதை மறுக்கிறோம். ஒரு சாண் நிலத்தை அநியாயமாகப் பறித்தவன் மறுமையில் ஏழு பூமிகளைக் கழுத்தில் சுமப்பான் என்ற நபிமொழிக்கு அரசியல் சூழ்நிலையைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது. அதே வேளையில், ஓடை எங்கு பிறக்கிறதோ அங்கிருந்து ஆற்றில் கலக்கும் இடம்வரை ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கம்பெனியின் சுற்றுச்சுவரும் அளக்கப்படட்டும், அரசுக் கட்டடமும் அளக்கப்படட்டும், எம்மதத்தவரின் வழிபாட்டுத் தலமாயினும் அளக்கப்படட்டும். முழு ஓடையையும் அளக்காமல் ஒரு தெருவை மட்டும் இடிக்க வந்தால் அதை எதிர்க்கும் தகுதி, அளவை முதலில் கேட்டவனுக்கே உண்டு. மறைத்தவனுக்கு இல்லை.

அளவு என்றதும் மக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கஅபா அமைந்திருப்பதே ஒரு பள்ளத்தாக்கின் நடுவில். வெள்ளம் அதற்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்களின் முப்பத்தைந்தாம் வயதில் குறைஷியர் கஅபாவைப் புதுப்பிக்க நேர்ந்ததற்கு வெள்ளச் சேதமும் ஒரு காரணம். ஹிஜ்ரி 17இல், உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பெருவெள்ளம் ஒன்று வந்து மகாமு இப்ராஹீமையே பெயர்த்துக் கொண்டுபோயிற்று. அதற்கு 'உம்மு நஹ்ஷல் வெள்ளம்' என்று பெயர். அவ்வெள்ளம் அடித்துச் சென்ற ஒரு பெண்மணியின் பெயர் அது. அரபியர் வெள்ளத்துக்கு, அதில் மாண்டவரின் பெயரை வைத்தார்கள். நம் நாட்டில் ஓடையில் போனவர்கள் மறுநாள் செய்தித்தாளில் வெறும் எண்ணிக்கை.

செய்தி எட்டியதும் உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து விரைந்து வந்தார்கள். மகாம் சரியாக எங்கே இருந்தது என்று அறிந்தவர் உண்டா எனக் கேட்டார்கள். முத்தலிப் பின் அபீ வதாஆ (ரலி) எழுந்தார். இப்படியொரு நாள் வரும் என்றஞ்சி, கயிறு ஒன்றால் அதன் இடத்தை முன்பே அளந்து வீட்டில் பத்திரப்படுத்தியிருந்தார் அவர். கயிறு வந்தது, அளந்தார்கள், மகாம் அதன் இடத்தில் வைக்கப்பட்டது. பிறகு கலீஃபா செய்ததைக் கவனியுங்கள். கஅபாவைச் சுற்றி ஆளுயரச் சுவர் எழுப்பவில்லை. மக்காவின் மேட்டுப் பகுதிக்குச் சென்று, பெரும் பாறைகளைக் கொண்டு அங்கே கரை அமைத்து, வெள்ளத்தை வரும் வழியிலேயே திருப்பினார்கள். அதே ஆண்டில் கஅபாவை நெருக்கிக்கொண்டிருந்த வீடுகளை விலைகொடுத்து வாங்கி முற்றத்தை அகலப்படுத்தினார்கள். விற்க மறுத்தவர்களின் வீடுகளும் எடுக்கப்பட்டன. அவற்றுக்கான விலை, உரியவர் வந்து பெறும்வரை கருவூலத்தில் காக்கப்பட்டது. கஅபா உங்களிடம் வந்து குடியேறவில்லை, நீங்கள்தாம் அதன் முற்றத்தில் வந்து குடியேறினீர்கள் என்ற கருத்தை அவர்களுக்கு உமர் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள்.

ஓடைக் கரையில் இருப்போர்க்கும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் சொல்பவர் உமரைப் போல் விலையையும் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

இந்த வரலாறு நடந்த நாட்டிலேயே இதை மறந்ததன் விளைவையும் நம் காலத்தில் கண்டோம். 2009 நவம்பர் 25, ஹஜ்ஜுப் பயணிகள் மினாவுக்குப் புறப்படும் நாள். ஜித்தாவில் சில மணிநேரத்தில், ஓராண்டின் சராசரியையும் மிஞ்சிய மழை கொட்டியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிகுதியும் பாதிக்கப்பட்டது குவைஸா போன்ற, பள்ளத்தாக்கின் வழியிலேயே எழுந்திருந்த குடியிருப்புகள். மன்னர் அப்துல்லாஹ் விசாரணைக் குழு அமைத்தார். அதிகாரிகள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். பின்னர் ஜித்தாவுக்குக் கிழக்கே, வெள்ளம் வரும் வழியில் அணைகள் எழுந்தன. செல்வத்தில் குறைவில்லாத அந்நாட்டில் தண்ணீரின் வழியில் மனை விற்கப்பட்டபோது எந்தச் செல்வமும் காப்பாற்றவில்லை. 'களா கத்ர்' என்று சொல்லி அன்று அந்நாட்டு மக்கள் வாளாவிருக்கவும் இல்லை.

நம்மவர் மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? வெள்ளம் அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் முஃமினுக்கு ஐயமில்லை. ஆனால் ரஅது அத்தியாயத்தின் 17ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். வானிலிருந்து நீர் இறங்குவதையும், ஓடைகள் தத்தம் அளவுக்கேற்ப ஓடுவதையும் அல்லாஹ் எடுத்துக்காட்டுகிறான். ஒவ்வோர் ஓடைக்கும் ஓர் அளவு உண்டு என்பது அவன் ஏற்பாடு. அந்த அளவைக் கம்பி வேலி போட்டுக் குறைத்தது யாருடைய ஏற்பாடு? நம் கைகள் சம்பாதித்ததை விதியின் கணக்கில் எழுதுவது தவக்குல் ஆகாது.

மறுபுறம், அகலப்படுத்துதல் என்ற பெயரில் ஏழைகளை மட்டும் அள்ளிக் கொண்டுபோய் எங்கோ கொட்டுவதையும் நாம் ஏற்கவில்லை. 2015 பெருவெள்ளத்துக்குப் பின் சென்னையில் நடந்தது இதுவே. அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. மழை மிகுந்தால் அங்கும் தண்ணீர் நிற்கும். வேலைக்குப் போன வீடும், பிள்ளை படித்த பள்ளியும், அவசரத்துக்கு ஓடிய மருத்துவமனையும் வெகுதொலைவாயின. வெள்ளத்திலிருந்து மீட்டு வெள்ளத்திலேயே விட்டார்கள், வேலையைப் பறித்துக்கொண்டு. திருப்பூரில் ஓடைக் கரைத் தொழிலாளியை இடம் மாற்றுவதானால் அவன் கம்பெனிக்குச் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் மாற்ற வேண்டும். புது வீட்டின் சாவியைக் கொடுத்த பிறகே பழைய வீட்டில் கை வைக்க வேண்டும். நகரத்துக்குள் இடமேது என்பார்கள். ஏற்றுமதி வளாகங்களுக்கு இடம் தேடிக் கொடுத்த அரசாங்கத்துக்கு இது இயலாததா?

அகலம் போக எஞ்சுவது மேட்டில் தண்ணீரை நிறுத்துவது. இதில் கொங்கு நாட்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நொய்யலின் நீரைக் குளம் குளமாகப் பகிர்ந்து வைத்த மண் இது. திருப்பூரிலேயே ஆண்டிபாளையம் குளமும் மண்ணரை மூளிக்குளமும் இருக்கின்றன. நல்லாற்று நீர் சேரும் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவைக்காகப் போற்றுகிறோம், நல்லது. மழை இரவில் அதே குளம்தான் பெருந்தண்ணீரை வாங்கி நிறுத்தி மெல்ல விடுகிறது என்பதையும் சேர்த்துப் போற்ற வேண்டும். ஓடைகளின் தலைப்பகுதியில் தூர்ந்த குட்டைகளை மீட்டால் வெள்ளத்தின் உச்சம் சற்றுத் தாழும், கிணறுகளும் ஊறும். ஆனால் ஒரத்துப்பாளையத்தை மறக்க வேண்டாம். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென 1992இல் கட்டிய அணை, சாயக் கழிவின் தொட்டியாகி, தண்ணீரைத் தேக்காதே என்று விவசாயிகளே வழக்காடும் நிலைக்கு வந்தது. வருவது என்ன தண்ணீர் என்று கேட்காமல் தேக்குவதும், எவ்வளவு தண்ணீர் என்று கேட்காமல் சுவர் கட்டுவதும் ஒரே வகைப் பிழை.

2017இல் திருப்பூர் சீர்மிகு நகரத் திட்டத்துக்குத் தேர்வானது. ஆற்றங்கரை அழகுபெற்றால் மகிழ்ச்சியே. எனினும் நடைபாதைக்கும் விளக்குக் கம்பத்துக்கும் முன்பாக வருவாய்த் துறைப் பதிவேட்டில் உள்ள அகலம் தரையில் இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

தாராபுரத்தாரே, இது திருப்பூர்க்காரர் பாடு என்று இருந்துவிட வேண்டாம். நம் ஊரும் புறநகராக விரிகிறது. அலங்கியம் சாலையிலும் மற்றச் சாலைகளிலும் மனைப்பிரிவுக் கொடிகள் பறக்கின்றன. அமராவதி வறண்டு கிடக்கும் மாதங்களில் வந்து பார்ப்பவருக்கு, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் பள்ளங்கள் தரிசு நிலமாகவே தெரியும். தரகர் அதைச் சமப்படுத்திக் கல் நட்டுவிடுவார். தவணைக்குக் கிடைக்கிறது என்று நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுவதற்கு முன், அந்தப் புல எண்ணின் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்று அதில் எழுதியிருந்தால், வீடு கட்டி எத்தனை ஆண்டு ஆனாலும் பட்டா கிடைக்காது. நீர்நிலைப் புறம்போக்கை மீட்கும்படி 2005இல் சென்னை உயர்நீதிமன்றமும், பொது நிலங்களை மீட்கும்படி 2011இல் உச்சநீதிமன்றமும் ஆணையிட்டுள்ளன. நிக்காஹ் பேசும்போது மாப்பிள்ளையின் மூன்று தலைமுறையை விசாரிக்கிற நாம், மனை வாங்கும்போது அதன் ஒரு தலைமுறையையாவது விசாரிக்கலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது ஒன்றுதான். சுவர் கோரும் மனுவில் இனிக் கையெழுத்திடுமுன், முத்தலிப் (ரலி) அவர்களின் கயிற்றைப் போல ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நம் முஹல்லாவைக் கடக்கும் ஓடையின் புல எண்களையும் பதிவேட்டிலுள்ள அகலத்தையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். பள்ளிவாசலின் சொத்து அந்தக் கோட்டுக்குள் வருகிறதா என்பதையே முதலில் பாருங்கள். வருமானால் அதை முதலில் அறிவிப்பவர்கள் நாமாக இருக்க வேண்டும். நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினம். நகரங்களில் பகுதி சபை கூடுவது 2022 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த வரைபடத்தின் நகலோடு போய், நில அளவர் வந்து கல் நடும் தேதியைக் கேட்டு, அதைத் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள். சுவரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.